புயலுக்கு ஆர்ச் கட்டிய வீடு

மதுரையில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மாப்பிள்ளைக்கு முன்னால் போய்ச் சேருகிறவர் சிஹாபுதீன். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, கடைசி ஒயரையும் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரும் அவர்தான். கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் ‘ரோஷ்னி லைட் சர்வீஸ்’ என்று கடை வைத்திருக்கிறார். சீரியல் செட், டியூப்லைட், வாசலில் நிறுத்துகிற ஆர்ச், இவை எல்லாவற்றுக்கும் மூச்சுக் கொடுக்கிற ஜெனரேட்டர் ஒன்று. சந்தனக்கூடு என்றாலும் அவர்தான், முளைப்பாரி என்றாலும் அவர்தான். காதுகுத்து, வளைகாப்பு, கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம் எதையும் விட்டுவைத்ததில்லை. கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் வாடகையை முதலிலேயே வாங்கிவிடுவார். எந்தக் கட்சியானாலும் சரி, அதில் பாகுபாடு பார்க்க மாட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிற மனிதரின் வீட்டில் ஒரு டார்ச்கூட உருப்படியாக எரியாது. இது அவர் மனைவி சைனபின் தீராத குறை. டார்ச்சில் இருக்கிற பேட்டரியைக் கழற்றிக் கடை மைக்குக்குப் போட்டிருப்பார். எமர்ஜென்சி லைட்டை ஒரு கிடாவெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். கிடாவும் திரும்பவில்லை, லைட்டும் திரும்பவில்லை. வீட்டு ஹாலில் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் மாற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கேட்டால், “அதான் வாசல் லைட்டு எரியுதுல்ல” என்பார்.

வாழ்நாளில் பாதியைக் கோரிப்பாளையத்து வாடகை வீட்டில் ஓட்டிவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன்னால்தான் ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றில் சொந்த வீடு கட்டினார் சிஹாபுதீன். இரண்டு படுக்கையறை, பின்னால் துணி துவைக்க இடம், முன்னால் இரும்புக் கேட். கேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதை அக்கம்பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பால் காய்ச்சுகிற அன்றைக்கு அவருக்குத் திருமங்கலத்தில் ஒரு முகூர்த்தம் இருந்தது. விடியற்காலையில் அவசரமாகப் பாலைப் பொங்கவைத்து, துஆ ஓதி, டம்ளர் சூடு ஆறுவதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். சைனபும் மகள் சனோபரும் மீதிப் பாலைக் குடித்தார்கள். பிறகு சனோபரும் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போய்விட்டாள்.

கோரிப்பாளையத்தில் சைனபின் அடுப்படிக்கும் பக்கத்து வீட்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். கதவைச் சாத்திவைத்தால், உடம்புக்கு என்னவோ என்று நாலு பேர் தட்டிவிடுவார்கள். இங்கே கதவைத் திறந்து வைத்தாலும் ஒருத்தர் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு வெங்கட்ரமணன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் நடைக்குப் போகும்போது தலையை ஒரு அங்குலம் ஆட்டுவார். அவர் மனைவி ஸ்யாமளா அரை அங்குலம் ஆட்டுவார். மூன்று வருடத்தில் இரண்டு வீட்டுக்கும் நடந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

“இங்க நானும் யானைமலையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்” என்று சைனப் ஒருநாள் சொன்னாள். சிஹாபுதீன் சிரித்தார். அது சிரிக்கிற பேச்சு இல்லை என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு புயல் மழை. மதுரைக்காரர்களுக்குப் புயல் என்பது டிவியில் பார்க்கிற சமாச்சாரம். கடற்கரை ஊர்களில் மரம் விழும், நாம் இங்கே சூடாக பஜ்ஜி சாப்பிடுவோம். அந்தத் தடவை அதன் வால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சாயங்காலம் போன கரண்ட் மறுநாள் மதியம்வரை வரவில்லை. சிஹாபுதீன் ஜெனரேட்டரோடு அலங்காநல்லூரில் ஒரு காதுகுத்தில் இருந்தார். சைனப் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது தீர்ந்த பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். போன் அணைந்துவிட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் திரும்பி வந்த புருஷனைப் பார்த்து, “லைட்டெல்லாம் நல்லா எரிஞ்சுச்சாங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியின் கூர்மை தெரியாமல் சிஹாபுதீன், “ஏ, அமக்களம்! அம்புட்டு மழையிலயும் ஒரு பல்பு சிமிட்டலையே!” என்று கையை விரித்து வர்ணிக்க ஆரம்பித்தார். சைனப் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“இன்னொரு தடவ புயல் மழைன்னு என்னய இந்த வீட்டுல இருட்டுல உக்கார வச்சீங்கன்னா, நான் கோரிப்பாளையத்துக்கு என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். போனா வரமாட்டேன். நீங்களும் உங்க ஜெனரேட்டரும் இங்க குடும்பம் நடத்துங்க.”

சைனப் சும்மா சொல்கிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில், பீடியை விடாவிட்டால் சமைக்க மாட்டேன் என்றாள். அந்த நோன்பு மாதம் முழுவதும் சிஹாபுதீன் பள்ளிவாசல் கஞ்சியில் காலம் தள்ளினார். பெருநாளைக்கு முன்னால் பீடியை விட்டுவிட்டார்.

இந்த வருடமும் ஐப்பசி வந்தது. வங்கக் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது, அது இந்தத் தடவை தெற்கு மாவட்டங்களுக்குள் புகுந்து மேற்கே போகும் என்று டிவியில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். அம்பு நேரே மதுரை மேல் போய் நின்றது. சைனப் பரண் மேலிருந்த நீல நிறப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். புடவைகள், துண்டுகள், போர்வை, மருந்து எல்லாவற்றையும் நிதானமாக அடுக்கி, ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படியாக வைத்தாள். எல்லாரும் என்றால் சிஹாபுதீன்தான், வேறு யார் இருக்கிறார்கள்?

பெட்டியைப் பார்த்ததும் சிஹாபுதீன் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் புரிந்துகொண்டது இதுதான்: பிரச்சினை கரண்ட். கரண்ட் நம் கையில் இருக்கிற பொருள். பெட்டி திரும்பப் பரணுக்குப் போக வேண்டுமென்றால், இந்த வீட்டில் ஒரு பல்புகூட அணையக் கூடாது. உடனே தன்னிடம் ரொம்ப வருடமாக வேலை பார்க்கிற சோணைக்குப் போன் போட்டார்.

“சோணை, ஜெனரேட்டர வண்டியில ஏத்தி ஒத்தக்கடைக்குக் கொண்டுவந்துரு.”

“யாரு வீட்டு விசேஷம்ணே?”

“நம்ம வீட்டுக்குடா.”

“ஏண்ணே, மதினிக்கு என்னமும் ஆயிப்போச்சா?” என்றான் சோணை, கலங்கிப்போய்.

அன்றைக்கே ஒரு மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். புயலிலும் வரவேற்பு நடக்கிறதாம், எப்படியாவது ஜெனரேட்டர் வேண்டுமாம். “முடியாது, வீட்டுல வேலை இருக்கு” என்று சிஹாபுதீன் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட சோணை, சினிமாவில் இடி விழுவதைப் பார்ப்பவன் மாதிரி வாயைப் பிளந்தான்.

வேலை மும்முரமாக ஆரம்பித்தது. மொட்டை மாடியில் இலை அடைத்திருந்த தண்ணீர்க் குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார்கள். கூரைமேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, மூடி பறக்காமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஜெனரேட்டருக்குப் பின்பக்கம், ஜன்னல்களை விட்டுத் தள்ளி, செங்கல் அடுக்கி மேடு போட்டு, மேலே தகரம் வேய்ந்தார்கள். புகை வீட்டுக்குள் வரக் கூடாது, தண்ணீர் இயந்திரத்துக்குள் போகக் கூடாது, இந்த இரண்டு விஷயத்திலும் சிஹாபுதீன் ரொம்பக் கண்டிப்பு. ஈ.பி. கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் ஒன்றையொன்று தொடாதபடி சுவிட்ச் வைத்து, அதை நாலு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். தன் வீட்டுக்குத் தானே வேலை பார்ப்பது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சாமான் வாங்கப் போனபோதுதான் அவருடைய தொழில் அவரைக் காட்டிக்கொடுத்தது. வாழ்க்கை முழுக்கப் பந்திக் கணக்கையே பார்த்துப் பழகிய மனிதருக்கு இரண்டு பேர் சாப்பிடுகிற கணக்கு தெரியாது. சிம்மக்கல் மொத்தக் கடைக்குப் போய், ஒரு சிப்பம் அரிசி, ஒரு மூட்டை வெங்காயம், அட்டை அட்டையாக முட்டை, கூடை நிறைய எலுமிச்சம்பழம், பால் பவுடர், டீத்தூள், கூடவே காகித டம்ளர் ஒரு பெட்டி என்று ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார்.

சைனப் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். “புயல் நம்ம வீட்டுலயா சாப்புடப் போகுது?”

“ரெண்டு நாளைக்கு வேணுமே.”

“எதுக்கு டம்ளரு? நீங்களும் நானும் ஒரு தடவ குடிச்சுட்டுத் தூக்கித் தூக்கிப் போடவா?”

சிஹாபுதீன் அசடு வழிந்தார். பெட்டி இருக்கிற இடத்திலேயே இருந்தது.

கடைச் சாமான்களுக்கும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. வைகையில் தண்ணீர் ஏறினால் சந்துக்குள் வந்துவிடும் என்று சீரியல் செட்டுகளையும் ஆர்ச்சையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். “கடைய வீட்டுக்குள்ள ஏத்துனீங்க, நான் இப்பவே கிளம்புறேன்” என்றாள் சைனப். ஆகவே போர்ட்டிகோவின் கூரைக்குக் கீழே, நனையாத இடமாகப் பார்த்துச் சீரியல் செட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ஆர்ச் பறந்துவிடக் கூடாது. அதைக் கேட்டின் இரண்டு தூண்களுக்கும் நடுவில் நிறுத்தி, இறுக்கிக் கட்டினான் சோணை. நல்ல யோசனைதான். ஆனால் சோணையின் கை ஒரு பொருளைக் கட்டினால் அதன் ஒயரைச் சுவிட்ச் பலகையில் சொருகாமல் நிற்காது. இத்தனை வருடமும் அதைத்தானே செய்தது. சிஹாபுதீனும் பார்த்தார். பார்த்தும் அவருக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. ஒயர் நேராக இருக்கிறதா, இன்சுலேஷன் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் புயல் வந்தது. யானைமலை முதலில் பாதி மறைந்தது, பிறகு முழுவதும் மறைந்தது. காற்று, காலி மனைகளில் கிடந்த பிளாஸ்டிக் பைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது. மஃரிப் தொழுது முடிக்கும்போது கரண்ட் போனது. ஒத்தக்கடையிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

இருட்டில் சைனபின் குரல் கேட்டது. “ம்.”

அந்த ஒரு ‘ம்’முக்கு நடுங்கி, சிஹாபுதீன் பின்பக்கம் ஓடினார். சோணை ஏற்கனவே அங்கே நின்றான். பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் செய்தார்கள். ஜெனரேட்டர் இருமியது, உறுமியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. சுவிட்சைத் திருப்பினார். ஹாலில் லைட், சமையலறையில் லைட், மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் உயிர் பெற்றன. சிஹாபுதீன் ஈரத் தலையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றார்.

சைனப் அவரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க இது?”

சிஹாபுதீன் வாசலுக்கு வந்து பார்த்தார். போர்ட்டிகோ முழுவதும் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் ஆர்ச் ஜகஜ்ஜோதியாக நின்றது. ‘நல்வரவு’ என்று ஒவ்வொரு எழுத்தாக எரிந்து, மொத்தமாக அணைந்து, மறுபடி எரிந்தது. அதற்கு மேலே இரண்டு கைகள் கூப்பிக் கூப்பிப் பிரிந்தன. அந்த வட்டாரமே கரியாகக் கிடக்க, ஒரே ஒரு வீடு கல்யாண வீடாகக் கொட்டும் மழையில் நின்றது.

“சோணை! எதுக்குடா சொருகுன?”

“கட்டுனா சொருகணும்லண்ணே?” என்றான் சோணை. அவனுக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை.

“பிடுங்குடா” என்று சொல்வதற்குள் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மேலூர் ரோட்டில் ஒரு மரக்கிளை முறிந்து குறுக்கே விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் மேலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று மாட்டிக்கொண்டது. கூரை ஒழுகுகிற பஸ். உள்ளே இருந்தவர்கள் சுற்றிலும் பார்த்திருக்கிறார்கள். இருட்டு, இருட்டு, அதற்கு நடுவில் ஒரு விசேஷ வீடு. விசேஷ வீடு என்றால் கூரை இருக்கும், நாற்காலி இருக்கும், கட்டாயம் சாப்பாடு இருக்கும். இதை யோசிக்க யாருக்கும் நேரம் பிடிக்காது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வரிசையாக வயல் வரப்பில் நடப்பதுபோல் நடந்து வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவர் கண்டக்டர் முத்திருளன். தோல் பையைச் சட்டைக்குள் திணித்திருந்தார். “மன்னிச்சுக்கங்க பாய். விசேஷ வீட்டுக்குள்ள அழைக்காம வாரோம். மழை விட்டதும் போயிருவோம். பாவம், இந்தப் புயல்ல தேதி வச்சுட்டீங்களே.”

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர், வேட்டி முழங்காலோடு ஒட்டியிருக்க, சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, “மொய் எங்கனப்பா எழுதுறது?” என்றார்.

சிஹாபுதீன் வாயைத் திறந்தார். இது விசேஷமில்லை, ஒயர் தப்பாகச் சொருகிவிட்டது என்று சொல்லத்தான் திறந்தார். சொன்னால் இவர்களை எங்கே போகச் சொல்வது? மூடினார். மறுபடி திறந்தார்.

“என்ன விசேஷம்மா?” என்று பெரியவர், இந்த ஆள் பேச மாட்டான் என்று முடிவு செய்து, சைனபிடம் கேட்டார்.

சைனப் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “புது வீடுங்க. பால் காய்ச்சுறோம். உள்ள வாங்க.”

சிஹாபுதீனுக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தியது. அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஒழுங்காக நடக்கவில்லை. ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஒரு கைக்குழந்தைக்கு மாற்றுத்துணி வேண்டியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் போனுக்குச் சார்ஜ் போட பிளக் பாயிண்ட்டுகளைத் தேடி அலைந்தார்கள். பூக்கார அம்மாள் ஒருத்தி தன் கூடையைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு, கேட்காமலே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மூட்டை வெங்காயத்தைப் பார்த்து, “அட, பெரிய விசேஷந்தான்” என்று மெச்சிக்கொண்டாள். சைனப் பெரிய தேக்சாவில் பாலைக் கரைத்து ஏற்றினாள். அது பொங்கி வழிந்தபோது பூக்கார அம்மாள் பழக்கதோஷத்தில் குலவையிட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சைனபும் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று சிஹாபுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது.

காகித டம்ளர்கள் மளமளவென்று காலியாயின. “மதினி, நல்லவேளை அண்ணன் வாங்குச்சு” என்றான் சோணை. சைனப் முறைத்தாள், ஆனால் அந்த முறைப்பில் காரம் இல்லை.

அப்போது குடை பிடித்துக்கொண்டு வெங்கட்ரமணனும் ஸ்யாமளாவும் வந்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்துக்குச் சண்டை போட வருகிறார்கள் என்று சிஹாபுதீன் நினைத்தார். ஸ்யாமளாவின் முகத்தில் கோபம் இருந்தது உண்மைதான். கையில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு ரவிக்கைத் துணி.

“பக்கத்தாத்துல விசேஷம், ஒரு வார்த்தை சொல்லலை” என்றார் ஸ்யாமளா, நேரே அடுப்படிக்கு வந்து. “நாங்க என்ன தப்பு பண்ணிட்டோம்னு இவர்கிட்டக் கேட்டேன். இவர் ஒண்ணும் சொல்லலை. சரி, அழைக்கலைன்னா என்ன, வெறுங்கையோட போகப்படாதுன்னு வந்துட்டோம்.”

சைனப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். “மூணு வருசமா நீங்க வருவீங்கன்னு பாத்தேங்க.”

“நாங்க நீங்க கூப்பிடுவேள்னு பார்த்தோம்” என்றார் ஸ்யாமளா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஸ்யாமளா புடவையை இழுத்துச் செருகி, “அரிசி வடிச்சாச்சா? எலுமிச்சம்பழம் இவ்வளவு இருக்கே. கடுகு எங்க?” என்று கேட்டுவிட்டு அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். முட்டைக் குழம்பு இந்தப் பக்கம், எலுமிச்சை சாதம் அந்தப் பக்கம். வெங்கட்ரமணன் கண்டக்டர் முத்திருளனோடு உட்கார்ந்து, இந்த ரூட்டில் பஸ் ஏன் குறைந்துவிட்டது என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பந்தி பாதியில் இருந்தது. பின்பக்கம் ஜெனரேட்டரின் சத்தம் ஒரு சுருதி இறங்கியதைச் சிஹாபுதீனின் காது பிடித்துவிட்டது. அது ஓடும்போது பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவர் அவர், நின்றால்தான் விழிப்பார். விழுந்தடித்துப் பின்பக்கம் ஓடினார்.

“சோணை! டீசல் எங்கடா?”

“டீசலா?” சோணை தலையைச் சொறிந்தான். “டீசல் வீட்டுக்காரங்கதானண்ணே வாங்கித் தரணும்?”

ஆமாம். தொழிலில் அதுதான் வழக்கம். ஜெனரேட்டர் நம்முடையது, டீசல் விசேஷ வீட்டுக்காரருடையது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து சிஹாபுதீன் கையால் ஒரு லிட்டர் டீசல் வாங்கியதில்லை.

“வீட்டுக்காரன் யாருடா இங்க?”

சோணை கொஞ்சம் யோசித்தான். “நீங்கதாண்ணே” என்றான், மெதுவாக.

போன விசேஷத்து மிச்சத்தில் அதுவரை ஓடிய ஜெனரேட்டர், ஆர்ச்சுக்கும் சீரியலுக்கும் அழுத தண்டத்தோடு தன் கதையை முடித்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கூப்பிய கைகள் அணைந்தன. வீடு முழுவதும் இருண்டது.

சிஹாபுதீன் மழையில் நின்றார். முருங்கைக் கிளையை வெட்டினோம், தொட்டி மூடியைக் கட்டினோம், சுவிட்சை நாலு தடவை போட்டுப் பார்த்தோம். கடைசியில், எது நடக்கக் கூடாது என்று இவ்வளவும் செய்தாரோ, அதுவே நடந்துவிட்டது. சொந்த வீட்டில், சைனபை, புயலில், இருட்டில் உட்கார வைத்துவிட்டார். நாளைக்கு நீலப் பெட்டி கோரிப்பாளையம் போகும். அது போனால் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை? கேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதா? அவருக்கு அழுகை வந்தது. மழையில் நின்றதால் சோணைக்குத் தெரியவில்லை.

திட்டு வாங்கத் தயாராக உள்ளே போனார். “ஓ” என்று கிளம்பிய சத்தம் அதற்குள் அடங்கி, நாலைந்து போன் வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. பந்தியில் யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியவர் இருட்டிலேயே, “ஆத்தா, அந்தக் குழம்ப இந்தப் பக்கம் காட்டு” என்றார். “எந்தப் பக்கம்னு கையத் தூக்குங்க, ஊத்துறேன்” என்று சைனபின் குரல் கேட்டது. “எல்லாருமே தூக்குறாங்கக்கா” என்று ஒரு கல்லூரிப் பெண் சொல்ல, ஹாலே சிரித்தது.

சிஹாபுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது காலில் ஏதோ இடறியது. குனிந்து போன் வெளிச்சத்தில் பார்த்தார். நீலப் பெட்டி. வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே மருந்து டப்பாவைத் தவிர ஒன்றும் இல்லை. துண்டுகள் ஆளுக்கொரு தலையில் இருந்தன. போர்வைக்குள் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சைனபின் நல்ல புடவைகளில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு பூக்கார அம்மாள் இரண்டாம் பந்திக்குத் தட்டு போதாது, கழுவி எடுங்கள் என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

மழை விட்டு, ரோட்டில் கிடந்த மரக்கிளையை வெட்டி ஓரம் தள்ளியதும் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லாரும் கிளம்பினார்கள். பெரியவர் மொய் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். “வயிறாரச் சாப்புட்டீங்கள்ல, அதுதான் மொய்” என்று சைனப் மறுத்துவிட்டாள். அவர் விடவில்லை, மேலூர்ச் சந்தையில் வாங்கிய பூசணிக்காயை வாசலில் வைத்துவிட்டு ஓடாத குறையாகப் போனார். பூக்கார அம்மாள் மீந்த பூவையெல்லாம் அணைந்த ஆர்ச்சில் சுற்றிவிட்டுப் போனாள்.

காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது, நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி. யானைமலை கழுவித் துடைத்து உட்கார்ந்திருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. சைனப் பின்பக்கம் கொடியில் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்யாமளா எதையோ சொல்ல, இவள் பதில் சொல்லிக்கொண்டே துண்டை உதறினாள். சிஹாபுதீன் ஒரு காலி கேனை எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி வாசல் பக்கம் நழுவினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

பிடிபட்டுவிட்டார். கேனைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். “டீசல் வாங்கப் போறேன். நேத்து… நேத்து உன்னய இருட்டுல உக்கார வச்சுட்டேன், சைனப். அம்புட்டும் பண்ணிட்டு டீசல மறந்துட்டேன்.”

சைனப் துண்டைக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டினாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கேலி இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறவளின் முகம்.

“நேத்தா?” என்றாள். “நேத்து எங்கங்க இருட்டா இருந்துச்சு?”

சிஹாபுதீன் கேனை வாசல் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். சைனப் காலிப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, பரண் மேல் போடச் சொன்னாள்.